பேட்டரி மேல் பழி போடும் முன்: கையில் தூக்கிப் போகும் சோலார் செட்டில் பிழை தேடும் முறை

பேனல், சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்துவது), பேட்டரி, இன்வெர்ட்டர் (பேட்டரியின் டிசியை வீட்டு ஏசியாக மாற்றுவது). ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும் சோலார் செட்டில் இருப்பது இந்த நான்கும், இவற்றை இணைக்கும் வயரும் ஃபியூஸும்தான். ஆனாலும் ஏதாவது ஓடாமல் நின்றால் உடனே பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்றை வாங்கி மாட்டி, அதுவும் அதே மாதிரி நின்ற பிறகுதான் பலரும் மீட்டரைக் கையில் எடுக்கிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் இணைப்பில் இருக்கும், வயரில் இருக்கும், இல்லாவிட்டால் செட்டைப் போடும்போது போட்ட கணக்கில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பழக்கம் வேண்டும்: லோடு, அதாவது செட்டில் மாட்டிய சாதனம், ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பது. சும்மா இருக்கும் பேட்டரியில் வைத்துப் பார்த்த வோல்ட் எண் நிறைய பேரை ஏமாற்றியிருக்கிறது.

கீழே உள்ள எண்கள் எல்லாம் 12 வோல்ட் செட்டுக்கு, 100 வாட் பேனல், 100 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி என்று வைத்துச் சொல்கிறேன்.

கையில் என்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர், டிசி ஆம்ப் அளக்கும் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி, கழற்றாமலே ஆம்ப் அளப்பது). வாங்கும்போது கவனியுங்கள், விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசி ஆம்ப் மட்டும்தான் அளக்கும், சோலாருக்கு அது உதவாது. இன்னொன்று, மல்டிமீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்ப் துளையில் செருகியபடியே இருக்க, அதைக் கொண்டுபோய் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது நேர் ஷார்ட். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

அளக்க வேண்டிய இடம் நான்கு: கன்ட்ரோலரின் பேனல் முனை, கன்ட்ரோலரின் பேட்டரி முனை, பேட்டரியின் ஈய முனையிலேயே (அதன் மேல் மாட்டிய லக்கில், அதாவது வயர் நுனியின் உலோக வளையத்தில் இல்லை), இன்வெர்ட்டரின் டிசி முனை. லோடு இல்லாமல் ஒரு தடவை, லோடு போட்டு ஒரு தடவை எழுதி வையுங்கள். எட்டு எண்கள் கிடைக்கும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

நல்ல வெயில், ஆனால் சார்ஜ் துளியும் ஏறவில்லை

முதலில் பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதா பாருங்கள். நிரம்பிய பேட்டரிக்குக் கன்ட்ரோலர் கிட்டத்தட்ட 0 ஆம்ப்தான் அனுப்பும், அதுதான் சரி. சந்தேகமாக இருந்தால் ஒரு லோடைப் போடுங்கள், பேனலிலிருந்து வரும் ஆம்ப் உடனே ஏறினால் பிழை எதுவும் இல்லை.

ஏறவில்லையா? பேனலைத் துணியால் மூடிவிட்டு கனெக்டரைக் கழற்றுங்கள். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது எம்சி4 கனெக்டரை (பேனல் வயர்களை இணைக்கும் செருகியை) பிடுங்கக் கூடாது, டிசி ஆர்க் (இணைப்பு பிரியும்போது தாவும் தீப்பொறி) ஏசி போல உடனே அணையாது, பின்னைக் கருக்கிவிடும். கழற்றிய பின் துணியை எடுத்துவிட்டு அளந்தால் 12 வோல்ட் பேனல் வெயிலில் 20 முதல் 22 வோல்ட் காட்ட வேண்டும். சரியாகப் பாதி காட்டினாலோ, மூன்றில் இரண்டு பங்கு காட்டினாலோ பேனலின் பின்பக்கப் பெட்டியில் ஒரு பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த பிரிவைத் தாண்டி மின்னோட்டத்தை விடும் பாகம்) ஷார்ட் ஆகியிருக்கலாம். செல்கள் இரண்டு பிரிவாக இருந்தால் பாதி, மூன்று பிரிவாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். பூஜ்யம் காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. மடித்து எடுத்துப் போகும் பேனலாக இருந்தால் முதலில் மடிப்பைப் பாருங்கள், ஆயிரம் தடவை மடங்கி விரியும் இடம் அதுதான்.

இப்போது ஒரு சிக்கல். 21 வோல்ட் கச்சிதமாகக் காட்டும் பேனல் கூட ஆம்ப் தராமல் போகலாம், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது, ஒற்றை இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயர் வழியாகவும் வோல்ட் வந்துவிடும். அதனால் பேனலை மறுபடி மூடி, அதன் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று இணைத்து, கிளாம்ப் மீட்டரை மாட்டி, துணியை விலக்குங்கள். தனி 100 வாட் பேனலை இப்படி ஷார்ட் செய்வதால் அதற்கு ஒன்றும் ஆகாது. உச்சி வெயிலில், பேனல் சூரியனை நேராகப் பார்த்தால், 6 ஆம்ப் அளவுக்கு வர வேண்டும். வந்தால் பேனல் நல்ல பேனல், கோளாறு அதற்கு இந்தப் பக்கம். பிரிக்கும்போதும் முதலில் மூடிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

கன்ட்ரோலரின் திரையே எரியவில்லை என்றால் அது பெரும்பாலும் பேட்டரி பக்கத்துப் பிரச்சினை. பெரும்பாலான கன்ட்ரோலர்கள் பேட்டரியிலிருந்துதான் உயிர் பெறுகின்றன, எனவே நடுவில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். இணைக்கும் வரிசையும் முக்கியம்: பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தானே கண்டுபிடிக்கும் கன்ட்ரோலரில் பேனலை முதலில் செருகினால் அது தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனல் அதிக வாட் தரும் வோல்ட்டில் அதை ஓட்டும் வகை) என்றால் பேனல் வோல்ட் பேட்டரியை விடச் சில வோல்ட் அதிகமாக இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். விக்ட்ரான் நிறுவனத்தின் கன்ட்ரோலர்களில் தொடங்க 5 வோல்ட் கூடுதலாக வேண்டும். மங்கலான காலையில் அது சும்மா இருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ரெடிமேட் பவர் ஸ்டேஷன் (எல்லாம் ஒரே பெட்டியில் அடைத்து விற்பது) என்றால் அதன் உள்ளீட்டு வோல்ட் வரம்பை லேபிளில் படியுங்கள். 28 வோல்ட் வரை மட்டும் ஏற்கும் பெட்டியில் இரண்டு பேனலை சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக, வோல்ட் கூடும்படி) போட்டு 44 வோல்ட் கொடுத்தால் அது மறுத்து நிற்கும், பாதுகாப்பு சரியில்லாத பெட்டி என்றால் எரிந்தே போகும். பேரலலில் (பக்கத்தில் பக்கமாக, ஆம்ப் கூடும்படி) போடுங்கள்.

கடுங்குளிரில் மட்டும் சார்ஜ் நிற்கிறதா? லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, நல்ல பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று) அதைத் தடுக்கும். அதன் வேலையை அது செய்கிறது, விட்டுவிடுங்கள்.

100 வாட் பேனல், 60 அல்லது 70 வாட்தான் வருகிறது

இதில் பாதிப் பேருக்குப் பிழையே இருக்காது. 100 வாட் என்பது செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது, சோதனைக் கூடத்தில் அளந்தது. வெயிலில் கிடக்கும் பேனலின் செல் 60, 65 டிகிரிக்குப் போகும். சிலிக்கான் பேனல் டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வாட்டை இழக்கும் என்பதால் 40 டிகிரி கூடினாலே 12 முதல் 16 வாட் போய்விடும். கீழே காற்று போக இடம் விட்டு நிறுத்தி வைத்தால் கொஞ்சம் மீட்கலாம்.

அடுத்தது கன்ட்ரோலர். பிடபிள்யூஎம் வகை (எம்பிபிடியை விட எளிய கன்ட்ரோலர்) என்றால் அது பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடும். பேனல் நன்றாக வேலை செய்வது 18 வோல்ட்டில், 5.5 ஆம்பில், பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் 13 பெருக்கல் 5.5, அதாவது 71 வாட்தான் கிடைக்கும். எந்த வயரை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. மிச்சம் வேண்டுமானால் எம்பிபிடிக்குப் போக வேண்டும். அதுவும் ஒற்றை 100 வாட் பேனலுக்கு அவசியமா என்றால், தூக்கிப் போகும் செட்டில் இன்னொரு பேனலின் எடையை மிச்சப்படுத்துகிறது, அதனால் அவசியம் என்பேன்.

நிழல்தான் உண்மையான திருடன். ஒரு கயிறு, ஒரு இலை, கூடாரத்தின் கம்பி நிழல், இவை ஒரு செல்லின் மேல் விழுந்தாலும் அந்தச் செல் இருக்கும் பிரிவு முழுக்கப் படுத்துவிடும், பேனலில் இரண்டே பிரிவு என்றால் பாதி வாட் போச்சு. கிளாம்ப் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒரு செல்லைக் கையால் முழுதாக மூடிப் பாருங்கள், அப்புறம் பேனலை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். சாய்வும் அப்படித்தான்: சூரியனிலிருந்து 30 டிகிரி விலகினால் 13 சதவீதம்தான் போகும், 60 டிகிரி விலகினால் பாதி போகும். காலையிலும் மாலையிலும் பேனலைத் தரையில் படுக்கப் போட்டு வைப்பது அதனால்தான் வீண்.

வெவ்வேறு பேனல்களைச் சேர்த்திருந்தால்: சீரிஸில் குறைந்த ஆம்ப் பேனல் மற்றதை இழுக்கும், பேரலலில் குறைந்த வோல்ட் பேனல் இழுக்கும்.

பேட்டரி நிரம்பியிருக்கிறது, இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடுகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான், பேட்டரியை அநியாயமாக மாற்றுவதும் இதற்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். 1000 வாட் லோடு, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 90 முதல் 100 ஆம்ப் இழுக்கும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு 3 மீட்டர் தூரம், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்று வைத்துக்கொண்டால் போக வர 6 மீட்டர், மின்தடை 0.0175 ஓம். 100 ஆம்ப் ஓடும்போது வயரிலேயே 1.75 வோல்ட் விழுந்துவிடும். பேட்டரி முனையில் 12.4 இருந்தாலும் இன்வெர்ட்டர் பார்ப்பது 10.65. பல இன்வெர்ட்டர்கள் 11 வோல்ட்டில் கத்தும், 10.5இல் நிற்கும். இன்வெர்ட்டர் சொல்வது பொய் இல்லை, அதன் வாசலில் நிஜமாகவே வோல்ட் இல்லை. இதே வயர் 35 சதுர மில்லிமீட்டராகவும் தூரம் 1 மீட்டராகவும் இருந்தால் விழுவது 0.1 வோல்ட் மட்டும்.

எனவே லோடு ஓடும்போது பேட்டரியின் ஈய முனையில் ஒரு தடவை, இன்வெர்ட்டர் முனையில் ஒரு தடவை அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் இருந்து, பேட்டரி முனையிலேயே வோல்ட் சரிகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். வித்தியாசம் அதற்கு மேல் என்றால் பேட்டரியை விட்டுவிட்டு நடுவில் தேடுங்கள்.

நடுவில் எங்கே? மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ஈயத்திலும் மறு முனையை அதன் மேல் மாட்டிய லக்கிலும் வையுங்கள். லோடு ஓட வேண்டும், இல்லாவிட்டால் எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் காட்டும். பிறகு லக்குக்கும் வயரின் செம்புக்கும் நடுவே, அப்புறம் ஃபியூஸின் இரண்டு பக்கமும், சுவிட்சின் இரண்டு பக்கமும், இப்படியே ஒவ்வொரு இணைப்பையும் தாண்டிப் போங்கள். நல்ல இணைப்பு சில மில்லிவோல்ட்தான் காட்டும். ஒரு இடத்தில் 500 மில்லிவோல்ட் என்று வந்தால் 100 ஆம்பில் அந்த இணைப்பு 50 வாட் சூட்டைக் கக்குகிறது என்று அர்த்தம், ஒரு சாலிடரிங் அயர்ன் அளவு. அந்த இடத்தைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்: கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக், பச்சை பூத்த செம்பு, அல்லது லக்குக்கும் ஈய முனைக்கும் நடுவில் போட்ட ஸ்டெயின்லெஸ் வாஷர். வாஷர் லக்குக்கு மேலேதான் வர வேண்டும். லக் ஈயத்தின் மேல் நேராகப் படிய வேண்டும். ஸ்டெயின்லெஸ் செம்பைப் போல மின்சாரம் கடத்தாது, இந்த ஒரு வாஷரை இடம் மாற்றிப் போட்டதும் சரியான செட்டுகள் உண்டு.

வயரும் இணைப்பும் சரி, ஆனால் ஃபிரிட்ஜோ மோட்டாரோ தொடங்கும் நொடியில் மட்டும் நிற்கிறது என்றால் அது தொடக்க மின்னோட்டம். கம்ப்ரஸர் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு தொடங்கும்போது இழுக்கும். லித்தியம் பேட்டரியாக இருந்தால் அதன் பிஎம்எஸ் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 100 ஆம்ப் பிஎம்எஸ் உள்ள பேட்டரியில் 2000 வாட் இன்வெர்ட்டரை மாட்டி முழு லோடு கேட்டால் அது வெட்டத்தான் செய்யும். 1000 வாட்டைத் தாண்டுகிறது என்றால் 12 வோல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்காமல் 24க்குப் போய்விடுங்கள். ஆம்ப் பாதியாகும், அதே வயரில் வீணாகும் வாட் நாலில் ஒன்றாகும்.

நடுப்பகலில், வெயில் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் எல்லாம் நிற்கிறது

லித்தியம் செட்டில் மட்டும் வருவது. நான்கு செல்களில் ஒன்று மற்றவற்றை விட முன்னால் நிரம்பி 3.65 வோல்ட்டைத் தாண்டும்போது பிஎம்எஸ் சார்ஜை வெட்டும். சார்ஜ் போக இடமில்லாமல் கன்ட்ரோலரின் முனையில் வோல்ட் எகிறும், அதைப் பார்த்து இன்வெர்ட்டர் நின்றுவிடும். கன்ட்ரோலரில் சார்ஜ் வோல்ட்டை 14.6லிருந்து 14.0, 14.1 என்று குறைத்து, அந்த நிலையில் சில மணி நேரம் பிடித்து வைத்தால் செல்கள் மெல்லச் சமமாகும். ஈக்குவலைசேஷன் (அவ்வப்போது கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் செய்வது), வெப்ப ஈடு (சூட்டுக்கு ஏற்ப சார்ஜ் வோல்ட்டை மாற்றுவது) இரண்டையும் அணைத்து வையுங்கள், அவை ஈய-அமில பேட்டரிக்கானவை.

பகலெல்லாம் சார்ஜ் ஏறியது, இரவு தாங்கவில்லை

இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று முதலில் அளங்கள். 15 வாட் இழுத்தால் 24 மணி நேரத்தில் 360 வாட்-அவர். 100 ஏஹெச் ஈய-அமில பேட்டரியில் பாதி வரைதான் இறக்குவது நல்லது, அதாவது 1200 வாட்-அவரில் 600. ஒரு விளக்கும் போடாமலேயே அதில் பாதிக்கு மேல் காலி. விளக்கு, போன், மின்விசிறி எல்லாவற்றையும் நேராக டிசியில் ஓட்டிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் இன்வெர்ட்டரைப் போடுங்கள்.

முதல் இரண்டு நாள் நன்றாக ஓடி, ஒரு வாரத்தில் படுத்துவிட்டது என்றால் பழுது எதுவும் இல்லை, வரவும் செலவும் சரியில்லை. 100 வாட் பேனல், நாளுக்கு 5 மணி நேரத்துக்குச் சமமான முழு வெயில், எல்லா இழப்பும் போக 70 சதவீதம் என்றால் வரவு 350 வாட்-அவர். செலவு 400 என்றால் நாளுக்கு 50 குறைகிறது. பேட்டரி அதைச் சில நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். பெரிய பேட்டரி வாங்கினால் இன்னும் சில நாள் தள்ளிப் போகும். சரியாக வேண்டுமானால் பேனலைக் கூட்டுங்கள் அல்லது செலவைக் குறையுங்கள். தினமும் முழுக்க நிரம்பாமல் கிடக்கும் ஈய-அமில பேட்டரியில் சல்பேட் படிந்து கொள்ளளவே சுருங்கிவிடும், அதற்கப்புறம் பேனலைக் கூட்டியும் பழையபடி வராது.

வோல்ட்டை வைத்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது ஈய-அமிலத்தில் ஓரளவு சரி: சில மணி நேரம் சும்மா விட்டபின் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் இந்த முறை உதவாது. 13.2 வோல்ட்டை ஒட்டியே பெரும்பகுதி ஓடி, கடைசியில் சட்டென்று விழும். அதற்கு ஷன்ட் (போகும் வரும் ஆம்பை எண்ண உதவும் சிறு மின்தடை) வைத்த மீட்டர் வேண்டும், அதையும் பேட்டரி முழுக்க நிரம்பும்போது 100 சதவீதத்துக்குத் திருத்தி வைக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரி 0 வோல்ட் காட்டுகிறது

செத்துவிடவில்லை, பெரும்பாலும் பிஎம்எஸ் கதவை மூடியிருக்கிறது. எல்லா லோடையும் கழற்றிவிட்டு, லித்தியத்துக்கான சார்ஜரை மாட்டினால் எழுந்துவிடும். சோலார் கன்ட்ரோலர் பல சமயம் எழுப்பாது, அதற்கே பேட்டரி தெரிந்தால்தான் உயிர் வரும். ஷார்ட் ஆகி மூடியிருந்தால் ஷார்ட்டை எடுக்காமல் மறுபடி மறுபடி எழுப்ப வேண்டாம்.

பேட்டரி வீங்குகிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது

லித்தியம் வீங்கினால் பயன்பாட்டை அங்கேயே நிறுத்துங்கள். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், திறந்த இடத்தில் எரியும் பொருளுக்குத் தள்ளி வையுங்கள், முறையாக ஒப்படைத்துவிடுங்கள். ஈய-அமிலத்தில் நாற்றம் வந்தால் அதிகச் சார்ஜ், சார்ஜை நிறுத்திக் காற்றோட்டம் கொடுங்கள். நிரப்பி ஓய்வெடுத்த பிறகும் 10.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கவில்லை என்றால் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது. அப்போது மட்டும் பேட்டரியைத் தாராளமாகக் குற்றம் சொல்லலாம்.

கனெக்டர் உருகுகிறது, வயர் சுடுகிறது

வெவ்வேறு நிறுவனத்து எம்சி4 கனெக்டர்கள் பார்க்கப் பொருந்தும், உள்ளே பின் இறுக்கமாகப் பிடிக்காது. ஒரே நிறுவனத்தின் ஜோடியாக மாற்றி, அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, எனவே வயர் தாங்குவதை விடச் சிறியதாகவும், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயர்தான். வீட்டு ஏசி பிரேக்கரை இதில் போடாதீர்கள், டிசி ஆர்க்கை அணைக்கும்படி அது செய்யப்பட்டதில்லை.

வைத்த இடத்தில் ஓடுகிறது, தூக்கிப் போனால் விட்டுவிட்டு ஓடுகிறது

அதிர்வு. லோடைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வயரையும் இணைப்புக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல அசையுங்கள், கிளாம்ப் மீட்டரின் எண் எங்கே துள்ளுகிறதோ அங்கே நில்லுங்கள். ஸ்க்ரூ முனையில், நுனிக்குச் சாலிடர் வைத்த வயரைச் செருகியிருந்தால் அதுதான் முதல் சந்தேகம். சாலிடர் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுக்கும், சில வாரத்தில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். நுனியை வெட்டிவிட்டு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாய்) போட்டு முடுக்குங்கள். பேட்டரி பெட்டிக்குள் நகராதபடி பட்டை போட்டுக் கட்டுங்கள், எடையை வயர் தாங்கக் கூடாது. முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் பேனாவால் நட்டையும் முனையையும் சேர்த்து ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த தடவை பெட்டியைத் திறந்ததும் எது சுழன்றிருக்கிறது என்று மீட்டர் இல்லாமலே தெரிந்துவிடும்.